லாயம் நகர் பங்கேற்ற கதை

குதிரை ஓடாத இடத்தைக் குதிரைப் பந்தய மைதானம் என்று சொல்லக்கூடாது என்பதைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு முப்பத்தோரு வருஷம் பிடித்தது. கடைசிக் குதிரை திருச்சியை விட்டுப் போய், அதன்மேல் பணம் கட்டித் தோற்றவர்களும் ஒவ்வொருவராக உலகத்தை விட்டுப் போன பிறகு, ஒரு நாள் ஒரு கோப்பு கண்விழித்தது. "மேற்படி இருபத்திரண்டு ஏக்கர் நிலத்தில் குதிரைகள் ஓடாமையால், இந்நிலம் உபரி நிலமாகக் கருதப்படுகிறது" என்று அதில் எழுதினார்கள். தினமும் காலையில் அங்கே நானூறு பேர் நடந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் கார்கள் எட்டுப் போட்டன. ஆடுகள் மேய்ந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே நேரத்தில் ஆறு கிரிக்கெட் மேட்ச் நடந்தது. ஆனால் இவர்களில் யாரும் குதிரை இல்லை. ஆகவே நிலம் பயன்பாட்டில் இல்லை.

மைதானத்தைச் சுற்றி நான்கு தெருக்கள். ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகளைக் கட்டிவைத்த இடம் என்பதால் லாயம் நகர் என்று பெயர். மூன்றாவது தெருவில், மைதானத்தைப் பார்த்த சொந்த வீட்டில் மட்டுவார்குழலி குடியிருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் ஹைதராபாத்தில். எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்த்தே பழகிய கண் அவருக்கு. அதனால் தெருவில் வேறு யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்திருந்தார். நான்கு தெருவின் மழைத்தண்ணீரும் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கல் வாய்க்காலில் இறங்கி, மைதானத்தின் நடுப்பள்ளத்துக்குப் போய்விடும். அங்கே மூன்று நாள் நின்று பூமிக்குள் போகும். ஊரில் பாதி இடம் மிதந்த வருஷத்தில்கூட லாயம் நகரில் ஒருவர் வீட்டுக் கோலமும் அழியவில்லை.

நிலத்துக்கு ஒரு புது உபயோகம் கண்டுபிடிக்க 'உபரி நில மறுபயன்பாட்டுப் பிரிவு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைவராக ஸ்ரீரங்கம் உத்திர வீதியைச் சேர்ந்த ஹயக்ரீவன் வந்தார். ஏன் அவர் என்பதை அவரே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். மேலிடத்தில் பட்டியலைப் பார்த்த ஒருவர், குதிரை சம்பந்தமான வேலைக்குப் பெயரிலேயே குதிரை உள்ளவர் கிடைக்கும்போது வேறு தகுதி எதற்கு என்று கேட்டாராம்.

திட்டத்துக்கு வெளியிலிருந்து நிதி வருவதாக இருந்தது. நிதி கொடுப்பவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மக்கள் பங்கேற்பு அறுபது சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மக்கள் எதில் பங்கேற்க வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை. ஆகவே கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

முதல் கூட்டம் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. லாயம் நகரில் ஏ.சி. ஹால் இல்லாததால் லாயம் நகர் மக்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஜாஹ்னவி என்ற ஆலோசகர் சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஆளுக்கு மூன்று நிறச் சீட்டுகள் கொடுத்தாள். பச்சையில் கனவை எழுத வேண்டும், மஞ்சளில் உணர்வை எழுத வேண்டும், ரோஸ் நிறத்தில் பெருமிதத்தை எழுத வேண்டும்.

மக்கள் பங்கேற்றார்கள். ஒருவர் கல்யாண மண்டபம் கேட்டார். ஒருவர் தன் இரண்டு காரும் நிற்கும் அளவுக்கு பார்க்கிங் கேட்டார். நான்காவது தெரு முழுக்கச் சேர்ந்து ஒரு குதிரைச் சிலை கேட்டது. குழலியின் பக்கத்து வீட்டு பஸீலா, நடக்க வரும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று எழுதிவிட்டு, அதை எந்த நிறத்தில் கொடுப்பது என்று தெரியாமல் ரோஸில் கொடுத்தாள். குழலி எழுந்து, வாய்க்காலை அடைக்காதீர்கள், பள்ளத்தை மேடாக்காதீர்கள், மற்றதை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னார். ஜாஹ்னவி கண் கலங்கிவிட்டாள்.

"ரொம்ப அழகாச் சொன்னீங்க ஆன்ட்டி. இதைக் கனவுல சேர்க்கட்டுமா, உணர்வுலயா?"

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வெளிவந்தது. 'நீரின் மீது மக்களுக்குள்ள ஆழ்ந்த ஈடுபாட்டைக் கருத்தில் கொண்டு' மைதானம் பூங்காவாக்கப்பட்டு, அதன் நடுவே இசை நீரூற்று அமைக்கப்படும் என்று அதில் இருந்தது. பஸீலாவின் கழிப்பறை, மகளிர் பெருமிதம் என்ற தலைப்பின்கீழ், பெண்களுக்கான தனி செல்ஃபி மேடையாக வந்திருந்தது. குழலி அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே ஹயக்ரீவனைப் பார்க்கப் போனார். அவர் நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்து, மிக மரியாதையாகவே பேசினார்.

"சார், நான் தண்ணி வேணும்னு சொல்லல. தண்ணி போக வழி விடுங்கன்னு சொன்னேன்."

ஹயக்ரீவன் கோப்பைப் புரட்டினார். "தண்ணி சம்பந்தமா பதினேழு சீட்டு வந்திருக்கு மேடம். பதினாறு பேர் தண்ணி வேணும்னு எழுதியிருக்கா. நீங்க ஒருத்தர் போகணும்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் கருத்தையும் நாங்க விடறதில்லை. தண்ணி வரவும் வரணும், போகவும் போகணும். மேல போய்க் கீழ வந்தா ரெண்டும் ஆயிடறது. அதான் ஃபவுண்டன்."

"நான் சொன்னது வாய்க்கால் சார்."

"வாய்க்கால் வேற இலாகா. நாங்க பங்கேற்பு."

வெளியே வரும்போது குழலியின் கழுத்தில் நீலப் பட்டையில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. நீர் சம்பந்தமாக இவ்வளவு ஆர்வம் காட்டியதற்காக அவரை நீர்சார் துணைக்குழுவின் தலைவராக ஹயக்ரீவன் அங்கேயே நியமித்துவிட்டார். உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று குழலி நினைத்தார். துணைக்குழுக்களில் சேர்ந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மொத்தம் எட்டுக் கூட்டங்கள். நீரூற்று விளக்கு நீலமா பல வண்ணமா என்று இரண்டு கூட்டம். பக்திப் பாட்டா சினிமாப் பாட்டா என்று இரண்டு. குதிரைச் சிலை எந்தத் தெருவைப் பார்த்து நிற்பது என்பதற்கு மட்டும் மூன்று. எந்தத் தெருவும் குதிரையின் பின்பக்கத்தைத் தினமும் பார்த்து எழுந்திருக்கத் தயாராக இல்லை. கைகலப்பு வரை போன பிறகு, சிலையைச் சுழலும் மேடையில் வைத்து, ஒவ்வொரு தெருவும் நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் பின்பக்கத்தைப் பார்ப்பது என்று சுமுகமாக முடிந்தது. ஜனநாயகம் இவ்வளவு நுட்பமாக வேலை செய்து தான் பார்த்ததில்லை என்று ஜாஹ்னவி சொன்னாள்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் 'பிற' என்ற தலைப்பு வரும்போது குழலி எழுந்து வாய்க்காலைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நடவடிக்கைக் குறிப்பில், 'தலைவர் வாய்க்கால் குறித்து உணர்வுபூர்வமாகப் பேசினார், கைதட்டல்' என்று ஏறியது. கைதட்டல் நிஜமாகவே கிடைத்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆறாவது கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய், படத்தில் எடுப்பாகத் தெரிகிற மாதிரி ஒரு மயில்கழுத்து நிறப் புடவை வாங்கி வந்தார். வாய்க்காலைப் பற்றிப் பேசும்போது எந்தப் பக்கம் திரும்பினால் முகம் நன்றாக விழும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு லாரி லாரியாகச் செம்மண் வந்தது. பள்ளத்தை மூடி மூன்றடி உயர்த்தினார்கள். வாய்க்கால் மைதானத்துக்குள் நுழையும் இடத்தில் சுவர் எழுப்பி, 'மக்கள் பங்கேற்பால் உருவானது' என்று கல்வெட்டுப் பதித்தார்கள். நீர்சார் துணைக்குழுத் தலைவர் என்ற முறையில் குழலியின் பெயர் அதில் மூன்றாவதாக இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் வழக்கம்போல வாய்க்காலில் இறங்கிப் போய், கல்வெட்டைப் படித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தது. விடிவதற்குள் நான்கு தெருவிலும் முழங்கால் அளவு. குழலியின் வீட்டுக்குள் கட்டில் கால் முழுகியது. மைதானத்தின் நடுவே, மேட்டின்மேல், தானியங்கி நீரூற்று குறித்த நேரத்தில் கிளம்பி, கொட்டுகிற மழையில் பாட்டுப் பாடியது. குதிரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குழலி கட்டில்மேல் உட்கார்ந்தபடியே ஹயக்ரீவனுக்குப் போன் செய்தார். பந்தய மைதானங்களைப் பூங்காவாக்கிய வெளிநாட்டு நகரங்களைப் பார்வையிட அவர் பத்து நாள் பயணம் போயிருப்பதாகச் சொன்னார்கள். புகார் எண்ணில் பதிவு செய்தார். அரை மணியில் பதில் வந்துவிட்டது. 'தங்கள் பகுதி நீர் தேங்காப் பகுதி என அறிவிக்கப்பட்டுள்ளபடியால், தங்கள் புகார் தங்கள் திருப்திக்கேற்பத் தீர்த்து வைக்கப்பட்டது.'

தண்ணீர் வடிந்த மறுநாள் பஸீலா வீட்டு மாடியில் குடியிருப்போர் சங்கம் கூடியது. குழலி ஆவேசமாக வந்திருந்தார். கலெக்டரிடம் போக வேண்டும், சேறு படிந்த சுவர்களைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட வேண்டும் என்றார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. சங்கச் செயலாளர் தாயுமானவன், வங்கியில் மேனேஜராக இருந்தவர், தொண்டையைச் செருமினார். பூங்காவைப் பார்த்த வீடுகளுக்குச் சதுர அடி விலை இரண்டு மடங்கு ஆகியிருப்பதை எல்லாருக்கும் நினைவுபடுத்தினார்.

"தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு வடிஞ்சுடும். ரேட்டு விழுந்துச்சுன்னா ஏறாதுங்க. யோசிச்சுக்கங்க."

எல்லாரும் யோசித்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீர் என்ற சொல்லை வெளியாரிடம் பயன்படுத்துவதில்லை என்றும், தவிர்க்க முடியாத இடத்தில் ஈரப்பதம் என்று சொல்வது என்றும் தீர்மானம் நிறைவேறியது. மூன்றடி உயரத்துக்கு எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மாதிரி அலங்காரப் பெயின்ட் அடிப்பது என்றும், பார்க்கிறவர்கள் அதை ஃபேஷன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றும் முடிவாயிற்று. தீர்மான நோட்டு குழலியிடம் வந்தபோது, அவர் தன் வீடு எத்தனை சதுர அடி என்பதை மனதுக்குள் ஒரு தரம் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பேனா ஒன்றும் கனக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் வீட்டை விற்றுவிடுவது என்று அப்போதே தீர்மானித்தார். பெயின்ட் காய்ந்து, கோடையும் போய், ஆவணியில் ஒரு வாங்குபவர் வந்தார். வாசலில் கார் நின்றது. இறங்கியவர் ஹயக்ரீவன். ஆடியோடு ஓய்வு பெற்றுவிட்டாராம். உத்திர வீதி வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகிவிட்டது. மிச்ச நாளைத் தான் உண்டாக்கிய பூங்காவைப் பார்த்துக்கொண்டே கழிக்க ஆசைப்படுவதாகச் சொன்னார். ஹாலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நீரூற்றையும் குதிரையையும் வெகுநேரம் பார்த்தார். சுவர்ப் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார். எழுந்திருக்கும்போது கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ மேடம். மழைக்காலத்துல தண்ணி கிண்ணி வருமா?"

பொய் சொல்லிக் குழலிக்குப் பழக்கமில்லை.

"எட்டுக் கூட்டத்துல நான் என்ன சொன்னேனோ அதான் சார்."

ஹயக்ரீவன் வாய்விட்டுச் சிரித்தார். "அதெல்லாம் பதிவு பண்ணியாச்சு மேடம்." பிறகு பையிலிருந்து தன் அறிக்கையையே எடுத்து, நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, நீர் தேங்காப் பகுதி என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். யாரோ படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் எழுதியது என்பது போன்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. குழலி மெல்லப் புன்னகை செய்தார். பத்திரப் பதிவு புரட்டாசி பிறப்பதற்கு முன்பே முடிந்தது.

குழலி திருவானைக்காவலில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். மூன்று மாடி ஏறிவரும் வெள்ளம் இன்னும் எந்த அறிக்கையிலும் வரவில்லை. தண்ணீரே லிங்கமாக இருக்கிற ஊர், இரண்டு பக்கமும் ஆறு, குடிநீருக்குக் கேட்கவே வேண்டாம். இருந்தாலும் பட்ட அனுபவத்தால் எதிர் ஃப்ளாட்டு டீச்சர் செல்வமேரியை விசாரித்திருந்தார். இங்கே தண்ணீர்ப் பிரச்னையே கிடையாது என்று செல்வமேரி சொல்லி, மெல்லப் புன்னகை செய்தாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் குடிபோனார். நான்காம் நாள் பஸீலாவிடமிருந்து போன் வந்தது. ராத்திரி முழுக்க மழை, ஹயக்ரீவன் வீட்டு ஹாலில் முழங்கால் தண்ணீர். சண்டைக்கு வருவார் என்று பயந்து தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாராம். வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்ட்டி வருகிறது, தயவுசெய்து யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று கும்பிட்டாராம். அவரைச் சங்கத் தலைவராக்கிவிட்டார்கள்.

குழலி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கோ நடுவில் நின்றுவிட்டது. போனை வைத்துவிட்டு முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று வந்தது. சமையலறையிலும் காற்றுதான். எதிர் ஃப்ளாட்டுக் கதவைத் தட்டினார். செல்வமேரி கதவைப் பாதி திறந்து, படிக்கட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போர்ல தண்ணி இல்லாம மூணு வருஷம் ஆச்சுக்கா. இந்த வாரம் லாரி வரல, இனி வியாழக்கிழமைதான் வரும். வெளியில சொல்லிடாதீங்க, ரேட்டு விழுந்துடும்."

அன்று வெள்ளிக்கிழமை.