லைசென்ஸ் நஸ்ரின் பெயரில்

கல்யாண வீட்டில் "அது அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் திரிவான். அவனை எக்காரணம் கொண்டும் நம்பாதீர்கள். முடிந்தால் பந்தியில் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுங்கள். இதை அடித்துச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. என் தங்கை நஸ்ரினின் நிக்காஹில் அந்த ஆள் நான்தான்.

அத்தா (எங்கள் அப்பா) அப்போது வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நிக்காஹுக்கு லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, பெட்டியும் கட்டிவிட்டார். கடைசி வாரத்தில் லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். போனில் அவர் அழவில்லை. "சரி வுடு, பாத்துக்கலாம்" என்றார். அதற்கு அழுதே இருக்கலாம்.

அவர் இருந்த ஊரில் வீடியோ கால் எதுவும் எடுக்காது, குரல் மட்டும்தான் வரும். ஆனால் வெப்சைட் திறக்கும், அதில் வீடியோ ஓடும். உடனே நான் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். நிக்காஹுக்கென்றே தனி வெப்சைட் போடுகிறேன், மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி பார்க்கலாம் என்று அத்தாவுக்கு வாக்குக் கொடுத்தேன். அவருக்கு அங்கே காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை. நமக்கு அது பதினொன்றரை. நிக்காஹ் நேரத்தையே அதற்காகப் பதினொன்றரைக்கு வைத்தோம்.

(அப்போது நான் வெப் டிசைனர். அதாவது செங்கல்பட்டில் இரண்டு டியூஷன் சென்டருக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் வெப்சைட் போட்டவன். விசிட்டிங் கார்டில் 'நிறுவனர்' என்று இருக்கும். நிறுவனத்தில் வேறு யாரும் கிடையாது.)

சிக்னல் சுமாராக இருந்தாலும் திக்காமல் ஓடுகிற ஒரு வீடியோ பிளேயரைத் தேடிப் பிடித்தேன். லைசென்ஸ் வாங்கினால் நீளமாக ஒரு எண் தருவார்கள். அதை நம் பக்கத்தில் சேர்த்துவிட்டால் பிளேயர் அங்கேயே ஓடும். 'நஸ்ரின்-ஆசிப்' என்று முகவரி கொடுத்து வாங்கினேன். நிபந்தனைகளுக்குக் கீழே 'படித்தேன், சம்மதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சம்மதித்தேன். படிக்கவில்லை.

முந்தின நாள் மத்தியானம் இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் லிங்க்கை அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். போன் வந்தது. மாப்பிள்ளை ஆசிப்பின் பெரியத்தா, கல்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

"இன்னா தம்பி, பொண்ணு பேரு முன்னாடி கீது? பத்திரிகைல மாப்ள பேரு தான முன்னாடி போட்டுக்கிறோம்?"

அவர் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் மணமகன் பெயர்தான் முதலில் வரும். பக்கத்தில் நின்ற அம்மா கண்ணாலேயே என்னை எரித்தார். நான் கம்பீரமாக, "அஞ்சு நிமிஷ வேலை பெரியத்தா" என்றேன்.

நிஜமாகவே ஐந்து நிமிடம்தான் ஆனது. 'ஆசிப்-நஸ்ரின்' என்று புது முகவரி எடுத்து, பக்கத்தை அதற்கு மாற்றி, பழைய முகவரிக்குப் போகிறவர்களையும் புதியதற்கே திருப்பிவிட்டேன். என் லேப்டாப்புக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. (சொந்த லேப்டாப்புக்குள் ஓட்டினால் அந்தப் பிளேயர் லைசென்ஸே கேட்காது. இந்த ஞானம் மறுநாள் வந்தது.)

மண்டபம் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், ஈசிஆரில். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். ஆசிப் மாலையோடு உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்தில் ஒரு பெரிய டிவி வைத்து அதிலும் நம் வெப்சைட்டைத் திறந்துவைக்கச் சொல்லியிருந்தேன். (அடக்கமான பிறவி.) சரியாகப் பதினொன்றரைக்கு அத்தா போன் செய்தார்.

"டேய் ரியாஸ், இன்னாடா இது? மேல பேரு வருது. கீழ செவப்பு எழுத்துல, இந்த முகவரிக்கு லைசென்ஸ் இல்லன்னு வருது. இங்க பத்து பேரு என்கூட நின்னுகினு பாக்குறானுங்க."

டிவியைப் பார்த்தேன். அங்கேயும் அதே சிவப்பு எழுத்து. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். உட்கார்ந்திருந்த சேரை மாற்றினேன். (சேருக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.) கம்பெனிக்கு மெயில் போட்டேன். இரண்டு வேலை நாட்களில் தொடர்பு கொள்கிறோம் என்று அடுத்த நொடியே பதில் வந்தது. கடைசியில், ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லைசென்ஸ் நிபந்தனையைப் படித்தேன். வாங்கிய முகவரியில் மட்டுமே இது செல்லும்.

பழைய முகவரியைத் திறந்துவிட்டால் போதும், ஓடிவிடும். ஆனால் எல்லோர் எதிரிலும், டிவி உச்சியில், முகவரியிலேயே நஸ்ரின் பெயர் முன்னால் வரும். நேற்றுத்தான் பெரியத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு அத்தா கிரேனில் ஏறியாக வேண்டும்.

போன் லைனைக் கட் பண்ணாமலே பெரியத்தா முன்னால் போய் நின்று, உளறிக் கொட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"யாரு, உங்க அத்தாவா லைன்ல?"

ஆமாம் என்றேன்.

"நானும் அங்க பதினோரு வருஷம் இருந்தவன்தான். என் பொண்ணு நிக்காஹ கேசட்ல பாத்தேன். அதுவும் நாலு மாசம் கழிச்சி." அப்புறம் ஹஜ்ரத் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். "இன்னும் இன்னா நின்னுகினு கீற? பேரு எங்க இருந்தா இன்னா, மாத்து போ."

மாத்தினேன். சிவப்பு எழுத்து போய்ப் படம் வந்தது. கேமராவை முதலில் நஸ்ரின் பக்கம் திருப்பினோம். போனில் அத்தா, "தெரியுறா. புள்ள தெரியுறா" என்றார். லீவு போனபோது அழாத மனுஷன் அன்று விக்கி விக்கி அழுதார். நானும் லேப்டாப் மேலேயே அழுதேன். ஆசிப் 'கபூல்', சம்மதம் என்று சொன்னபோது அங்கே அத்தாவோடு நின்ற பத்துப் பேரும் துஆ செய்தது போனில் கேட்டது. அத்தாவுக்கு இன்னும் ஏழு நிமிடம் மிச்சமிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைத் தொட்டாலும், "லைசென்ஸ் யாரு பேர்ல மச்சான்?" என்று ஆசிப் கேட்காமல் விடுவதில்லை. பழைய ஸ்கூட்டரை விற்றபோது கேட்டான். அம்மாவுக்கு மிக்ஸி வாங்கியபோதும் கேட்டான்.

போன வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்த முறை அத்தாவுக்கு லீவு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பெரியத்தா வந்தார். பிறந்த குழந்தைக்குக் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள் இல்லையா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். 'நஸ்ரின் குழந்தை' என்று இருந்தது. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இங்கயும் உன் வேலதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிப் முந்திக்கொண்டான்.

"லைசென்ஸ் அந்தப் பேர்லதான் கீது பெரியத்தா. மாத்துனா ஓடாது."