வட்டத்தை நேர்க்கோடாகப் புரிந்துகொண்டவர்

அன்பரே, புரியாதவர்களால் உலகுக்குத் தொல்லையே இல்லை. அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தொல்லையெல்லாம் முந்திப் புரிந்துகொள்ளும் இனத்தாரால்தான். நாம் தொண்டையைச் செருமும்போதே அவர்கள் தலை ஆடத் தொடங்கிவிடும். மூச்சு வாங்க நிறுத்தினோமோ, "புரிஞ்சிடுச்சு" என்று முற்றுப்புள்ளியும் வைத்துவிடுவார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவ்வினத்தின் அசல் மாதிரி ஒருவர் உண்டு. ஆய்வு மாணவர், இளையவர்கள் வைத்த பெயர் தலையாட்டி அண்ணன்.

பாக்டீரியாவின் குரோமோசோமில் மரபணுக்களின் இடத்தை நிமிடத்தால் அளப்பது எப்படி என்று பேராசிரியை ஒருநாள் அவருக்கு விளக்கினார். ஒரு பாக்டீரியா தன் மரபிழையை வரிசை மாறாமல் இன்னொன்றுக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். இடையில் மிக்ஸி போன்ற கருவியிலிட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். பிரிவதற்குள் எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் உள்ளே போயிற்றோ, அதைக்கொண்டே அதன் இடத்தைக் குறிப்பார்கள். 'எங்க வீடு பஸ்ல இருபது நிமிஷம்' என்கிறோமே, அதே வழக்கந்தான். வரைபடம் முழுவதும் நூறு நிமிடம்.

"புரிஞ்சிடுச்சு மேடம்!"

அந்த வரைபடம் ஒரு வட்டம் என்பது அடுத்த வாக்கியம். அதைக் கேட்க அண்ணன் அங்கே இருந்தால்தானே?

ஆண்டு மதிப்பீட்டு நாள் வந்தது. பேராசிரியையும் இருக்கும் மதிப்பீட்டுக் குழு தலையசைத்தால்தான் அவர் ஆய்வைத் தொடர முடியும். தாம் ஆராய்ந்த இரு மரபணுக்கள் அண்டை வீட்டாரா, அயலூராரா என்பதே அவருடைய கேள்வி. ஒன்று மூன்றாவது நிமிடத்தில், மற்றொன்று தொண்ணூற்றெட்டில். பலகையில் நீளமாக ஒரு கோடு கிழித்து, இரு முனைகளிலும் புள்ளி வைத்து, வெற்றிப் புன்னகையுடன் திரும்பினார்.

"தொண்ணூத்தஞ்சு நிமிஷ தூரம் மேடம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால ரெண்டும் சேர்ந்தே போகுதான்னு பார்க்கிற சோதனையையே விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? சரி, பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"பத்துன்னு சொல்லலையே?"

"அது கடிகாரம் மேடம். சுத்தி வரும்."

பின்வரிசையிலிருந்து இளைய மாணவி ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, இதுவும் சுத்திதான் வரும்!" என்றாள்.

அண்ணன் தம் கோட்டைப் பார்த்தார். கோடு அவரைப் பார்த்தது.

"அப்ப... அஞ்சே நிமிஷமா?"

"ஆமாப்பா, பக்கத்து வீடு!" என்றார் குழுத் தலைவர். "பக்கத்து வீட்டுக்குப் போக ஊரையே சுத்தியிருக்கீங்க. மதிப்பீட்டைத் தள்ளி வைக்கிறோம். சோதனையைச் செஞ்சுட்டு வாங்க. ஏன் தள்ளி வைக்கிறோம்னா..."

"புரிஞ்சிடுச்சு சார்!"

சிரிக்கிறீர்கள், நன்று. இதே வரைபடத்தில் ஒரு மரபணு பத்தாவது நிமிடத்திலும் இன்னொன்று தொண்ணூறாவது நிமிடத்திலும் இருந்தால் இடைவெளி எவ்வளவு? உதடு 'எண்பது' என்று முணுமுணுத்துவிட்டதா? வெட்கம் வேண்டாம். அது ஏன் இருபது என்று நான் விளக்கவும் போவதில்லை. உங்களுக்குத்தான் முன்பே புரிந்திருக்குமே!