பெட்ஷீட்டில் ஏறிய கடல்

அன்பில் ஒரு குறையும் வைக்காத என் தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் சுகமாகிவிடு, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பிள்ளைகள் சமாசாரம்.

பெரியவனின் மகன் இப்போது விமான நிலையத்தில், பெட்டிகள் ஊர்ந்து வருமே ஒரு பட்டை, அதற்கு மேலதிகாரி. அவன் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை. தொலைந்த ஒன்றும் நாலு நாடு பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்துவிட்டது. அவன் தங்கை பல் டாக்டர். ஒரே நாளில் பதினோரு பல் பிடுங்கினாள். அழுதது ஒரே ஒருவர்தான், அவரும் துணைக்கு வந்தவர். சின்னவனின் பையன் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவது. ஓடியதே மூன்று பேர் என்று அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெற்றவளே போட்டுக் கொடுத்தால் என்ன செய்ய? ஓடாமல் உட்கார்ந்திருந்த முப்பது பேரையும் அவன் ஜெயித்தானே, அதை யார் சொல்வது?

கடைசியாக என் மகள் வயிற்றுப் பேத்தி, நம் பென்சில். நடக்கும் முன்பே சுவரில் கிறுக்கியவள். இன்று ஒரு பெட்ஷீட் கம்பெனியில் படம் வரைகிறாள். நாலு வருஷமாகப் பூவும் கட்டமும் வரைந்து கொடுத்தாள். யார் வரைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த முறைதான் அவள் படத்துக்கு அவள் பெயரையே துணியின் ஓரத்தில் தைப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பெயர்தான் இப்போது ஆபத்தில் இருக்கிறது தங்கச்சி, அதுவும் என்னால்.

அவள் வரைந்தது என் கனவை. உனக்குத் தெரிந்ததுதான், கடல் வீட்டுக்கு வருமே, அது. அலையடித்துக்கொண்டு வராது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் எழுப்பாமல் வரும். கடலுக்கு ஏது செருப்பு என்று கேட்காதே, கனவில் இருந்தது. கூடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். மீன்களெல்லாம் அலமாரிக்குள் போய், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே தூங்கிவிடும். நான் ஒரு தலையணையோடு நின்றுகொண்டிருப்பேன், கடலுக்குத் தலைமாடு எந்தப் பக்கம் என்று தெரியாமல். அப்படித் தெரியாமல் நிற்பதிலேயே ஒரு சுகம். விழித்த பிறகும் பாதம் கொஞ்ச நேரம் சில்லென்றிருக்கும். இதை எத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! பென்சிலுக்கு இதைச் சொல்லித்தான் தூங்க வைத்தேன்.

படத்தை முடித்ததும் எனக்குத்தான் முதலில் போனில் அனுப்பினாள். "பாட்டி, கம்பெனி பேர்ல இன்னும் இந்தப் படத்தப் பதிவு பண்ணல. அதுவரைக்கும் வெளியில போகக் கூடாது. நீ மட்டும் பாரு, யாருக்கும் அனுப்பிடாத" என்றாள். "நான் யாருக்குடி அனுப்பப் போறேன்?" என்றேன். அது சத்தியமான வார்த்தை. பத்து நிமிஷம் வரைக்கும் சத்தியமாகவே இருந்தது. பிறகு போனில் நம் குடும்பக் குழுவில் போட்டேன், நீதான் அதில் இன்னும் சேரவில்லையே. யாருக்கும் என்றால் வெளியாள் யாருக்கும் என்றுதானே அர்த்தம்? குடும்பத்தில் இருப்பது வெறும் நாற்பத்து மூன்று பேர். அதிலும் எச்சரிக்கையாகக் கீழே "ரகசியம், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று எழுதினேன். அதனால்தான் எல்லோரும் உடனே திறந்து பார்த்தார்கள் போல. சம்பந்தியம்மா தன் நடைப்பயிற்சித் தோழிகளுக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் மருமகள்களுக்கு அனுப்ப, யாரோ ஒரு மருமகளுடைய அண்ணன் வேறொரு பெட்ஷீட் கம்பெனியில் இருக்க, அப்படியே போய்விட்டது. விசாரித்துப் பார்த்ததில் ஒவ்வொருவரும் "ரகசியம்" என்று எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மட்டில் நம் குடும்பம் ஒழுங்கு.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். எதிர்வரிசை வீடுகளில் ஏழு பால்கனி. ஏழிலும் கடல் கொடியில் தொங்குகிறது. காற்று வந்தால் ஏழும் சேர்ந்து உப்பி, சேர்ந்து அடங்குகின்றன. தெரு முழுவதும் என் கனவுக்குள் படுத்து எழுந்து, என் கனவைத் துவைத்து உலர்த்தியிருக்கிறது. வெயில் தலைக்கேறும் வரை அப்படியே நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பென்சில் ஜெயித்துவிட்டாள் என்று ஈரத்துணியை வாளியிலேயே விட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனேன். துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் அவள் பெயர் இல்லை, அவள் கம்பெனியின் பெயரும் இல்லை.

"இத யாருப்பா வரைஞ்சது?" என்றேன்.

"கம்பெனி வரைஞ்சது பாட்டி" என்றார் கடைக்காரர்.

"கம்பெனிக்குக் கை இருக்கா?"

"ரெண்டு எடுத்தா தலையணை உறை ஃப்ரீ பாட்டி."

"என் கனவ எனக்கே ஃப்ரீயா தர்றியா?"

"கனவெல்லாம் கேரண்டி இல்ல. சாயம் போகாது, அதுக்கு நான் கேரண்டி."

பிரித்துப் பார்த்தேன். அலமாரியில் மூன்றாவது மீனுக்குக் கண் இல்லை! பென்சில் எனக்கு அனுப்பிய படத்தில் அதற்குக் கண் வைக்க மறந்திருந்தாள், பிறகுதான் வைத்தாள். திருடினவன் குருட்டு மீனையும் சேர்த்துத் திருடியிருக்கிறான்.

அந்தத் திருட்டுக் கம்பெனியோ, போன வருஷமே தாங்கள் வரைந்தது, பென்சில்தான் பார்த்து வரைந்துவிட்டாள் என்று சாதிக்கிறது. அவள் கம்பெனிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வரும் மாதம் முதல் வாரத்தில் அவள் கம்பெனியில் விசாரணை. திருடி என்று ஆகிவிட்டால் அவளை எந்தக் கம்பெனி சேர்க்கும்? குழந்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

நானே அவள் கம்பெனிக்குப் போய்ச் சட்டம் பார்க்கும் அம்மாவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கண்ணாடி அறை, நடுவில் நீள மேஜை, பேசினால் நம் குரலே நமக்குத் தள்ளிக் கேட்கிறது. "கனவு என்னுது, எனக்குத்தான் உரிமை" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "யோசனைக்கு உரிமை கிடையாதும்மா. கடல் வீட்டுக்கு வர்ற மாதிரி யார் வேணும்னாலும் நினைக்கலாம். வரைஞ்ச படத்துக்குத்தான் உரிமை" என்றார். பால் பசுவுக்குச் சொந்தமில்லை, கறந்தவனுக்குத்தான் சொந்தம் என்பது மாதிரி இருந்தது. "ஆனா இந்தக் கனவு உங்க வீட்டுல ரொம்ப நாளா இருக்கறதுதான்னு தேதியோட ஏதாவது காட்டினா, அவ வேற யாரையும் பார்த்து வரையலைன்னு நம்புவாங்க" என்றார்.

இதுதான் தங்கச்சி, உன்னால் ஆக வேண்டிய காரியம். நீ கல்யாணமாகிப் போன புதிதில் இந்தக் கனவை விவரமாக உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் தேடு. உறையோடு வேண்டும், தபால் முத்திரை தெரிய வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பு. என் பேத்தியின் பெயர் உன் பெட்டியடியில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடு.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள். உன் பேரன் பேத்திகள் எல்லோரும் நூறு வயது வரை சொந்தப் பல்லோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. ஒட்டுவதற்குத் தபால்தலை தேடி என் பழைய பெட்டியைக் கவிழ்த்தேன். உன் கடிதம் ஒன்று விழுந்தது, உறையோடு, முத்திரையோடு. "அக்கா, புது இடத்தில் தூக்கமே வரவில்லை. நேற்று ஒரு கனவு. கடல் செருப்பைக் கழற்றிவிட்டு நம் வீட்டுக்குள் வந்தது..." என்று தொடங்கி, தலையணை வரைக்கும் உன் கையெழுத்தில் இருக்கிறது. எப்போது அது என் கனவானது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக என் பாதம் எப்படிச் சில்லென்றது?

பென்சிலிடம் காட்டினேன். விசாரணைக்கு இதுவே போதும் என்று குதித்தாள். பிறகு சட்டென்று நின்று, "பாட்டி, சின்னப் பாட்டிகிட்ட யாருமே கேக்கலையே?" என்றாள். "அதான் கனவுக்கு உரிமை இல்லைன்னு சட்டம் இருக்கேடி" என்றேன். "சட்டத்துல இல்லதான். மரியாதையில இருக்கே" என்றாள். நீ சரி என்றால்தான் கடிதத்தை எடுத்துப் போவாளாம். துணி வெளிவரும்போது ஓரத்தில் அவள் பெயரோடு உன் பெயரும் வருமாம். பெட்ஷீட்டை மடித்து வைக்கும் உறையின் மேல் அட்டையில், கனவு கண்டவர் என்று உன் படத்தைப் போட வேண்டுமாம்.

ஆகையால் சம்மதமா இல்லையா என்று எழுது. சம்மதம் என்றால் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என்னிடம் இருக்கிற எல்லாவற்றிலும் நீ என் தோளுக்குப் பின்னால் பாதிதான் தெரிகிறாய்.