வெட்டுப்பட்ட ஏழு

கணக்குப் பாடத்தில் மூன்று தரம் கோட்டைவிட்ட நான், ஒரு வகுத்தலை நம்பி என் மீசையைப் பந்தயம் வைத்தேன். இந்த மடைத்தனத்தை முதலே ஒப்புக்கொண்டுவிட்டால், மற்ற ஆளைத் தாராளமாகப் பழிக்கலாம்.

மற்ற ஆளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மிச்சமில்லை'. பிரயோசனமில்லாத ஒன்றை இவரளவு பக்தியோடு கும்பிட்டவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேறு எவரும் இல்லை. கிட்டங்கியில் இறங்கும் கோதுமைமா மூட்டைகளுக்குக் கோடு போட்டு எண்ணுவது எங்கள் இருவருக்கும் வேலை. அவருக்கோ உலகத்தில் ஒரே ஓர் எண்தான்: 381654729.

"ஒண்டிலயிருந்து ஒன்பது மட்டும் எல்லாம் ஒருக்கா ஒருக்கா வருது, கண்டீரோ? முதல் ரெண்டு இலக்கம் ரெண்டால பிரியும். முதல் மூண்டு மூண்டால. இப்பிடியே ஒன்பது மட்டும் மிச்சம் இல்லை. வேற எப்பிடி அடுக்கினாலும் ஏலாது."

இந்த எண்ணால் ஒரு மூட்டையாவது இறங்கியதா? இல்லை. கோயிலில் ஐயர் நட்சத்திரம் கேட்டால், "முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு இலட்சத்து..." என்று தொடங்குவார். கற்பூரம் அணைந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே சொன்னாராம். குசினிக்குள் போன பெண் பிறகு வெளியே வரவில்லை.

என் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தேத்தண்ணிக்கடையில் எல்லாருக்கும் முன்னால் வாயைக் கொடுத்தேன்.

"அண்ணை, ஏழில பிழைக்கும், மிச்சம் வரும். பிழைக்காட்டி மீசையை வழிக்கிறன். பிழைச்சால் நீங்கள் இந்தக் கதையை விடவேணும்."

"ஓம்" என்று அந்த எண்ணை ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார்.

அதில் ஓர் இலக்கத்தின் மேல் குறுக்குக்கோடு. கிட்டங்கிக் கணக்கில் எழுதின இலக்கத்தின் மேல் கோடு விழுந்தால் வெட்டு, வெட்டினதை எண்ணுவதில்லை. அதை விட்டு, அடுத்ததைச் சேர்த்து ஏழு இலக்கம் ஆக்கினேன்: 3816542. வகுத்தேன். மிச்சம் இரண்டு. கடையே சிரித்தது.

அவர் துண்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு என் மீசையைப் பார்த்தார்.

"ஓம், ரெண்டு மிச்சம்."

அதோடு அந்த எண் அவர் வாயில் வரவில்லை. ஐயரிடம் பூரட்டாதி என்று மட்டும் சொன்னாராம். ஏனோ எங்களுக்குத் தேத்தண்ணி சப்பென்று இருந்தது.

கலியாணம் முடிந்து பரிசுகளைப் பிரித்தபோது அவருடைய பொட்டலமும் வந்தது. மேலே திகதி எழுதியிருந்தார். ஏழாம் திகதி. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. இந்த மனிசன் ஏழை எழுதுவதே அப்படித்தான்.

வெட்டுப்படாத ஏழைச் சேர்த்து, 3816547ஐத் திரும்ப வகுத்தேன். 545221. சரியாகப் பிரிந்தது. மனைவி படத்தில் பார்த்துச் சம்மதித்த மீசையை, அவள் கத்தக் கத்த வழித்துவிட்டுக் கிட்டங்கிக்கு ஓடினேன்.

"அண்டைக்கே தெரிஞ்சும், என்ர கலியாணத்துக்காகவோ பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் மூட்டைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. மீசையில ஏதும் மிச்சம் இருக்கோ?"

நிமிர்ந்து பார்த்தார்.

"மிச்சம் இல்லை."