முந்நூறு பிள்ளைகளின் மார்க்கை நான் அமுக்கிய கதை

ஒரு வேலையை முழுதாகத் தெரிந்தவர்களால் பெரிய நாசம் வருவதில்லை. அறவே தெரியாதவர்கள் கிட்டேயே போவதில்லை. மூன்று மாதம் படித்தவர்களால்தான் எல்லாம் கெடுகிறது. நான் மதுரையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள்.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரை டீச்சர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்ப்பார்கள். நான் உபதேசியார் தோரணையில் பக்கத்தில் நிற்பேன்.

அந்த வருஷம் முழு ஆண்டுப் பரீட்சை மார்க்குகளை டைப் செய்து, ஆறு வகுப்புக்கு ஆறு ஃபிளாப்பியில் வைத்திருந்தேன். எங்கள் பிரிண்டர் மலைப்பனியில் மக்கர் பண்ணியதால், மதுரையில் எங்கள் சபையின் இன்னொரு பள்ளிக்குப் போய் அச்சடித்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் ரிப்போர்ட் கார்டு வாங்க வருகிறார்கள்.

ஆறையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

லீவில் ஊருக்குப் போன வெளிநாட்டு பிசிக்ஸ் வாத்தியார் கிளம்பும்போது ஒரு டிஸ்க் கொடுத்திருந்தார். பல ஃபைல்களை அமுக்கி ஒரே ஃபைலாக்குகிற புரோகிராம் அதில் இருந்தது. அமுக்கியதை விரிக்கவும் அதுவேதான் வேண்டும். ஆறு வகுப்பையும் ஒரே டிஸ்க்கில் அமுக்கினேன். (ஜீப்பில் ஐம்பது பேரை ஏற்றிய டிரைவருக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.) அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத ஃபிளாப்பி அபூர்வம் என்பதால் பழைய ஆறையும் மறுபடி உபயோகிக்க அழித்து வைத்தேன். கடைசியாக, புரோகிராமும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதையும் அதே ஃபைலுக்குள் அமுக்கிவிட்டு, வாத்தியாரின் டிஸ்க்கையும் அழித்தேன்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஸ்டாஃப் ரூமில் என்னைப் புகழ்ந்தார். மார்க் ரெஜிஸ்டர்களை இனிப் பழைய பேப்பர் கடையில் போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

மதுரைப் பள்ளியின் கம்ப்யூட்டர் சார் என் ஃபைலைத் திறந்தார். திரை முழுக்கக் கோழி கிளறிய மாதிரி குறிகள்.

"விரிக்கிற புரோகிராம் எங்கம்மா?"

"உள்ளதான் சார் இருக்கு."

"எதுக்குள்ள?"

"இந்த ஃபைலுக்குள்ள."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அத வெளிய எடுக்க எது வேணும்?"

எனக்கு அப்போதுதான் முதுகு வேர்த்தது. மதுரை வெயில் தாங்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நாலு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரிடமும் அந்தப் புரோகிராம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். மலை ஏறுவதால் குமட்டுகிறது போல என்று பக்கத்து சீட்டு அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார். அதை மோந்துகொண்டே மிச்சத்தையும் அழுதேன்.

சிஸ்டர் திட்டவில்லை. "ஸ்டெல்லா, கம்ப்யூட்டரக் கவர் போட்டு மூடு. பேனா எடு" என்றார். இரண்டு நாள் எல்லா டீச்சர்களும் ரெஜிஸ்டரைப் பார்த்து முந்நூறு கார்டையும் கையால் எழுதினார்கள். மை தீர்ந்தபோது மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இதற்குள், 'அமுக்கிட்டேன்' என்று நான் பெருமையடித்த சொல் மலை முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை பேத்துப்பாறையிலிருந்து வந்த ஒரு தகப்பனார், கார்டில் மகனுக்குக் கணக்கில் பதினெட்டு என்று பார்த்ததும் நேரே என்னிடம் வந்தார். கோபமே இல்லை.

"தாயி, எல்லாப் பிள்ளைக மார்க்கையும் நீங்க அமுக்கிட்டீங்கன்னு சொல்றாங்க. எங்களுக்கு முழுசும் வேணாம். பாஸுக்கு உள்ளத மட்டும் வெரசா குடுத்துருங்க."

அவர் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஜூன் மாதம் பிசிக்ஸ் வாத்தியார் வந்து, தன்னிடமிருந்த இன்னொரு டிஸ்க்கைப் போட்டு அரை நிமிஷத்தில் விரித்துக் காட்டினார். எல்லா மார்க்கும் அப்படியே இருந்தன. அந்தப் பதினெட்டும்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, அட்டுவம்பட்டியில் குடியேறினோம். மகன் பத்தாம் வகுப்பும் எழுதிவிட்டான். மார்க் ஷீட் வாங்கப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அவன் தன் அப்பாவைப் பார்த்து, "அம்மா வேணாம்ப்பா, நீங்க போங்க. ஏற்கெனவே மார்க் கம்மியாத்தான் இருக்கும்" என்றான். இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கு ரிசல்ட் வந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அன்றைக்கு அவன் அப்பாதான் போய் வாங்கி வந்தார்.