சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது

புதுக்கடை,
16.11.2014, ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

மிகுந்த பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் லிஜின் அவர்களுக்கு, மாமனார் ஆன்ட்ரூஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாமி குளோரியும் சுகம். குவைத்தில் நீங்களும் என் மகள் அஜிஷாவும் சுகமாக இருக்கவும், அங்கே வெயில் கொஞ்சம் தணியவும் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். இங்கே நல்ல மழை. முற்றத்து வாழையில் இரண்டு சாய்ந்துவிட்டது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சாவியைத் தர மாட்டேன்.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள், "மாமா, இனி காரு எங்க அண்ணன் வீட்டுல நிக்கட்டு. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு அவன் வருவான், சாவியக் குடுத்துருங்க" என்று சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "டியூட்டிக்கு நேரமாச்சு மாமா" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. உங்கள் அண்ணன் கிளீட்டஸ் நல்ல மனிதர், நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக்கு வரட்டும். காப்பி குடிக்கட்டும், பழம்பொரி தின்னட்டும். சாவி என் இடுப்பு வார்ப் பையில் இருக்கிறது, அங்கேதான் இருக்கும்.

யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அஜிஷா சொன்னாள். நீங்கள் பார்த்தது ஒன்றரை நிமிடம். நடந்தது இரண்டரை மணி நேரம். அதை முழுதாகச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்பதை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பத்தோரு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டியவன். ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. மார்த்தாண்டம் சந்தை நாளில் மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில் வளைத்து எடுத்தவன். விதி என்றால் எனக்கு விதிதான். 1989-இல் ஒருநாள் மழையில் உங்கள் மாமியே குடையில்லாமல் ஸ்டாப்பில் கை காட்டிக்கொண்டு நின்றாள்; பஸ் நிறைந்திருந்தது; நான் நிறுத்தவில்லை. டிப்போவில் இன்றைக்கும் அதைச் சொல்லுவார்கள். இன்னொன்றும் கேளுங்கள். எங்கள் பஸ்ஸுக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைப் போட வேண்டியது, பட்டனை அமுக்க வேண்டியது. பேட்டரி இறங்கியிருந்தால் பயணிகளே இறங்கித் தள்ளுவார்கள், அதற்கு டிக்கெட்டில் தள்ளுபடிகூடக் கேட்க மாட்டார்கள். சாவியில்லாத வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவனைப் பற்றி "மாமாவுக்கு சாவி சரியாப் பிடிபடல" என்று சொல்லலாமா?

மே மாதம் லீவில் வந்து இந்தக் காரை வாங்கி நிறுத்தியபோது சாவி என்று நீங்கள் கையில் தந்தது ஒரு கறுப்புச் சோப்புத் துண்டு. "மாமா, இது பாக்கெட்டுல இருந்தா போரும், கதவு தொறக்கும், பட்டன அமத்துனா ஸ்டார்ட் ஆவும்" என்றீர்கள். சரி என்றேன். பஸ் கம்பெனிக்காரன் எப்போதோ கண்டுபிடித்ததை இவன் இப்போது கண்டுபிடித்திருக்கிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன், வாயால் சொல்லவில்லை.

போன ஞாயிறு உங்கள் அண்ணன் மகள் ஜிஷாவுக்கு அருமனைக் கோயிலில் புதுநன்மை அல்லவா, முதல் நற்கருணை வாங்குகிற நாள். சம்பந்தக்காரர்கள் வெறுங்கையோடு போகலாமா? ஒரு முழு நெய்மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று காலை ஆறரைக்கே நானும் மாமியும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போனோம். ஏலத்தில் ஏழு கிலோ மீன், கண்ணு பளபள என்று இருந்தது. வாளியில் ஐஸ் போட்டு வாங்கிக்கொண்டு காருக்கு வந்தால் கதவு திறக்கவில்லை. கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கினேன். பேச்சு மூச்சில்லை. சோப்புத் துண்டை எடுத்து அதிலுள்ள பட்டனை அமுக்கினேன். காருக்குப் பக்கத்தில் போய் அமுக்கினேன், தூரத்தில் நின்று அமுக்கினேன், கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அமுக்கினேன். அப்போது மாமி, "இஞ்ச பாருங்க, அதுக்குள்ளயே ஒரு குட்டிச் சாவி உண்டு" என்றாள். நான், "நீ மீனப் பாரு" என்றேன். பெண்ணுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கூட்டத்தில் கேட்கவில்லை, அந்த மட்டில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன்.

கிழிந்த வலை பொத்துகிற வியாகுலம்மாள் அக்கா அங்கே இருந்தார்கள். எழுபது வயது. கதவு இடுக்கில் ஒரு தேங்காய் மட்டையைச் செருகி, நைலான் நூலில் சுருக்குப் போட்டு உள்ளே விட்டு, பூட்டுக் குமிழை மாட்டி இழுக்கப் பார்த்தார்கள். முப்பத்தேழு தடவை வழுக்கியது. ஒவ்வொரு தடவைக்கும் சுற்றி நின்ற ஐம்பது பேர் "அய்யோ" என்றார்கள். நடுவில் மாமி இரண்டாவது தடவையாக, "அந்த மூடியக் கழத்திப் பாருங்களேன்" என்றாள். "அக்கா பிடிச்சிட்டு இருக்காவ, கை நடுங்கும், பேசாத" என்றேன். முப்பத்தெட்டாவது தடவை குமிழ் வந்துவிட்டது. கதவும் திறந்தது. கூடவே அலாரமும் தொடங்கியது. அது என்ன சத்தம் மருமகனே! ஏலம் நின்றுபோய்விட்டது. மீன் கொத்த வந்த காக்காய்கள் ஊரைவிட்டே போய்விட்டன. பங்குத் தந்தையின் வேலைக்காரர் வந்து, "பூச நடக்குவு, அத ஒண்ணு நிப்பாட்டணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். சாவி இல்லை என்று எழுதிக் காட்டுகிறது. சாவி என் கையில் இருக்கிறது, அதன் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டுகிறேன், இல்லை என்கிறது! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தள்ளுங்கல மக்கா" என்று சொல்லிவிட்டேன். தள்ளி ஸ்டார்ட் ஆகாத வண்டியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. மீன்பிடி வள்ளம் தள்ளிப் பழகியவர்கள் இருபத்திரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த படம் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் "ஏலேலோ" என்று எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஐலசா" போட, அலாரமும் சேர்ந்து கத்த, நான் செகண்டு கியரில் கிளட்சை விடத் தயாராக இருந்தேன். ஸ்டியரிங் திரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாவியை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஸ்டியரிங்கையும் பூட்டி வைக்குமாம். வண்டியை நிறுத்தும்போது சக்கரம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வள்ளம் தள்ளுகிறவர்களுக்கோ ஒரே திசைதான் தெரியும். "நிப்பாட்டுங்கல!" என்று நான் கத்தியதை அவர்கள் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். முன் சக்கரம் அலையில் நனைந்ததும்தான் நான் பிரேக்கை மிதித்தேன். படத்தில் நான் சிலுவை போட்டுக்கொள்வதாகத் தெரியும். அது பயமில்லை, பழக்கம்.

அலை கூடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் உங்கள் காசு, உங்கள் வியர்வை என்று நினைத்தேன். ஆனால் அந்த இருபத்திரண்டு பேரும் காரை வள்ளம் தூக்குகிற மாதிரியே தூக்கி ரோட்டில் கொண்டு வைத்தார்கள். பெயிண்ட் போகவில்லை. அதன்பிறகு கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பது முக்கியமில்லை. ஓட்டிக்கொண்டு அருமனைக்குப் போனதும் நான்தான். பூசை முடிந்து பந்தியும் பாதி முடிந்திருந்தது. மீனை வாங்கிக்கொண்ட உங்கள் அண்ணன் சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால், "மாமா, இந்தப் பிராயத்துல இனி நீங்க ஓட்டண்டாம்" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தின்னவில்லை.

ஆறு மாதத்தில் சாவி ஏன் செத்தது என்று கேட்பீர்கள். வாட்ச் ரிப்பேர் கடை ஜெயசிங் அதைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. காசு மாதிரி இருக்கிற பேட்டரியில் பச்சையாகத் துரு. அதையும் நான் ஒளிக்கவில்லை. பஸ் ஓட்டின காலத்தில் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் ஸ்டியரிங்கில் கோயில் தீர்த்தம் தெளிப்பேன். அதனால்தான் ஒரு கோழிகூட அடிபடவில்லை. உங்கள் காருக்கும் அதே பாதுகாப்பு வேண்டாமா? காருக்குள் தெளித்தால் சீட் கறைபடும் என்று, சாவியை மட்டும் தீர்த்தக் கிண்ணத்தில் மூன்று தடவை முக்கி எடுத்தேன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி. தீர்த்தம் தாங்காத சாவியைச் செய்தது கம்பெனியின் குற்றம். மழை பெய்கிற ஊரில் விற்கிறார்களே, கேட்க ஆளில்லையா? ஜெயசிங் புதுப் பேட்டரி போட்டுவிட்டார். இப்போது கீக் கீக் என்று நன்றாகவே கத்துகிறது. அடுத்த முதல் வெள்ளியும் தீர்த்தம் உண்டு. பிளாஸ்டிக் கவரில் போட்டு முக்குவேன்.

ஆகையால் மருமகனே, கார் உங்களுடையது, ஆனால் ஓட்டுகிறவன் நான். பென்ஷன்காரன் என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டால் நான் அப்புறம் எதற்கு? வீட்டில் இந்தச் சாவியைக் கையில் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் மூச்சு உள்ளவரை அப்படித்தான். உங்கள் இருவருக்கும் மாதாவின் அடைக்கலமும் எங்கள் ஆசீரும் உண்டாவதாக. பக்கத்து அறை மலையாளிப் பையனையும் கேட்டதாகச் சொல்லவும். மாமி முத்தம் சொன்னாள்.

இப்படிக்கு, விட்டுக்கொடுக்காத,
த. ஆன்ட்ரூஸ்,
ஓட்டுநர் (ஓய்வு).

பி.கு: மேலே உள்ளதை முடித்துக் கவரில் போடும்போதே கிளீட்டஸ் வந்துவிட்டார். "முடியாது" என்று சொல்ல எழுந்து இடுப்பைத் தொட்டேன். வாரில் பர்ஸ் இருந்தது, பொடி டப்பா இருந்தது, சாவி இல்லை. முற்றத்தில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கில் உங்கள் மாமி; மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது சாவியை உருவியிருக்கிறாள். ஜூன் மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள் ஜெபத்துக்கு என்று கருங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நவநாள் உண்மைதான், ஆனால் அது முடிந்ததும் பக்கத்திலேயே ஒரு டிரைவிங் ஸ்கூல். போன மாதமே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். காருக்குள் இருக்கிற புத்தகத்தையும் முழுக்கப் படித்திருக்கிறாள். லைசென்ஸை வெளியே நீட்டி, "கிளீட்டஸு, காரு எங்கயும் வராது. இஞ்ச ஓட்ட ரெண்டு ஆளு உண்டு" என்றாள். கிளீட்டஸ் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மாமி, இது நீங்களா?" என்றார். பிறகு பழம்பொரி தின்றார். இனி சாவியைப் பற்றிப் பேச மாட்டாராம். இதை உங்களிடம் சொல்லச் சொன்னார்.

அன்றைக்குத் துறைமுகத்தில் கார் எப்படி ஸ்டார்ட் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோப்புத் துண்டிலிருந்து குட்டிச் சாவியை உருவிக் கதவை ஒருதரம் பூட்டித் திறந்து அலாரத்தை நிறுத்தியது மாமி. செத்த சோப்புத் துண்டையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கச் சொன்னதும் மாமி. அமுக்கினேன். ஸ்டார்ட் ஆனது. நான் அழுதுவிட்டேன். அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நான் இடதுபக்கக் கதவில் கை வைத்ததும் காரைப் பத்தடி நகர்த்திவிட்டாள். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அங்கே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "வண்டியில எடம் இருக்கு. ஏறுங்க" என்றாள். 1989 என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஏறி உட்கார்ந்து வாயாலேயே இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி எடுத்தாள். ஓடுகிற வண்டியில் இருந்துகொண்டே இதை எழுதுகிறேன்; குலுக்கம் இல்லை, சத்தியம்.

வாயால் அடித்தால் காற்றுதான் வருகிறது. அடுத்த லீவில் வரும்போது ஒரு நல்ல கண்டக்டர் விசில் வாங்கி வரவும்.