ராயபுரத்தில் ஓர் இறகுத் தூண்டில்

லூயிஸ் வீசிய தூண்டிலின் ஈயக்குண்டு நேராகப் போய், பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் மண்குடத்தை உடைத்தது. கெங்கம்மா திட்டியது அவன் காதில் விழவில்லை. அவன் கண் கடற்கரைச் சாலையில் நின்றிருந்த மேனேஜரின் கார்மேல் இருந்தது.

காருக்குள் மேனேஜர் மனோகரன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெதுவாக ஆட்டினார். டிரைவர் கலீலுல்லா வண்டியை எடுத்தார்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது. துறைமுகத்துக்கு எதிரே இருந்த கப்பல் கம்பெனியில் லூயிஸ் குமாஸ்தா. விசாகப்பட்டினத்துக்கு மாற்ற வேண்டியவர்களின் பட்டியலில் அவன் பெயர் முதலில் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அப்போதுதான் மனைவி அடைக்கலமேரி உண்டாகியிருந்தாள். அவளை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்று அவன் தவித்த நாளில், மேனேஜர் கூப்பிட்டு ஒரு நீளப் பெட்டியை நீட்டினார்.

சீமைக்குத் திரும்பிய துரை விட்டுச்சென்ற தூண்டில் சாமான் அது. மே மாதம் கல்கத்தாவிலிருந்து டைரக்டர் வருகிறார், அவரோடு ஊட்டிக்குப் போய் டிரவுட் என்கிற மலையோடை மீன் பிடிக்க வேண்டும் என்றார். தமக்கு இதெல்லாம் பழைய பழக்கம், நேரம்தான் இல்லை. எந்தக் கழிக்கு எந்த நூல், எந்தப் பூச்சி என்று சேர்த்து, தினமும் காலையில் வீசிப் பார்த்து வைக்க வேண்டும். ஆபீசுக்குப் போகிற வழியில் தாம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

"நீ ராயபுரம். கிறிஸ்தவ வேதக்காரன் வேற. மீன் பிடிக்கிறது உங்க ரத்தத்திலேயே இருக்குமே."

லூயிஸின் அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். படகைப் பார்த்தாலே லூயிஸுக்குக் குமட்டும். அதைச் சொல்ல வாயெடுத்தான். மேஜைமேல் பட்டியல் இருந்தது.

"ஆமாம் சார்" என்றான்.

பெட்டிக்குள் இரண்டு கழிகள், ஒன்று தடி, ஒன்று ஒல்லி. மூன்று வகை நூல். ஒரு தகர டப்பா நிறைய, பூச்சி மாதிரி இறகு கட்டிய குட்டிக் கொக்கிகள். கெங்கம்மாவின் புருஷன் கடலுக்குப் போகிறவர் என்பதால் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"இன்னா லூயிசு இது, இறகு கட்டிக் கீது? மீனு இன்னா காது கொடையவா போவுது?" என்று அவள் சிரித்தாள். பிறகு மனசு இளகி, வஞ்சிரம் பிடிக்கிற தடித்த நைலான் நரம்பும் ஒரு ஈயக்குண்டும் கொடுத்தாள். அந்தக் குண்டுதான் அவள் குடத்தையே உடைத்தது.

மறுநாளே லூயிஸ் அவளுக்குப் புதுக் குடம் வாங்கிக் கொடுத்தான். ஈயத்தைக் கழற்றினான். இப்போது நூல் முன்னால் போகவே மறுத்து, அவன் தலைமேலேயே இடியாப்பமாக விழுந்தது. பலம் போதவில்லை போலும் என்று இழுத்து வீசினான். கொக்கி அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பயந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

சிலுவை போட்டும், அடுத்த வீச்சில் கொக்கி பின்பக்கம் பறந்து, கெங்கம்மா பாயில் காயவைத்திருந்த கருவாட்டில் மாட்டியது. அவன் பிடித்த முதல் மீன் ஏற்கெனவே உப்புப் போட்டது. அதைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினான். கார் நின்றிருந்தது. மனோகரன் ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

லூயிஸுக்கு விசாகப்பட்டினம் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்று மாலை அடைக்கலமேரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். தையல் தெரிந்தவள். தடித்த நூலை ஒல்லிக் கழியில் கோத்தது ஏன் என்று கேட்டாள். தடிக்குத் தடி, ஒல்லிக்கு ஒல்லி என்று அவளே பிரித்து வைத்தாள். நூலின் முனையிலிருந்த வஞ்சிர நரம்பை அவிழ்த்துப் போட்டாள்.

"சடை எப்படிப் பின்றோம்? மேல தடியா, வரவர இளைச்சு, கடைசில குஞ்சலம். இதுவும் அப்படித்தான் இருக்கணும்" என்று, மூன்று பருமனில் நைலானை ஒன்றோடொன்று முடிந்து, கடைசியில் இறகுப் பூச்சியைக் கட்டினாள்.

காலையில் கூடவே வந்து நின்று பார்த்தாள்.

"ஏன் அவசரப்படுறீங்க? பின்னால போன நூல் நீள வேண்டாமா? தூக்கிப் போட்டதும் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க'ன்னு மாதா ஜெபத்தைச் சொல்லுங்க. சொல்லி முடிச்சு முன்னால விடுங்க."

சிலுவை போட்டு, தூக்கி, உரக்கச் சொல்லி, விட்டான். நூல் வில்லாக விரிந்து போனது. இறகுப் பூச்சி, மழைநீர்க் குட்டையில் தூசி விழுவதுபோல் உட்கார்ந்தது. கெங்கம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். கார் அன்று வெகுநேரம் நின்றிருந்தது.

வீச வந்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை. மனைவி வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காகச் சொன்ன பொய், அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே பிறந்து வளர்ந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனான்.

தூண்டிலையே தான் தொட்டதில்லை, அப்பா ரயில்வே, நூல் கட்டியது மனைவி, வீசும் முறை வீட்டில் கண்டுபிடித்தது, விசாகப்பட்டினத்துக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

மனோகரனின் முகம் வெளிறியது. தண்ணீர் குடித்தார்.

"எல்லாமே நீங்களா கண்டுபிடிச்சதா?"

"ஆமாம் சார்."

பிறகு பட்டியலை எடுத்து அவன் பெயரை அடித்தார்.

"பிரசவம் ஆகட்டும். நீ எங்கேயும் போக வேண்டாம். ஆனா இதை யார்கிட்டேயும் சொல்லாதே. முக்கியமா டைரக்டர்கிட்டே."

என் மானத்தைக் காப்பாற்றுகிறாரே என்று லூயிஸுக்குக் கண் நிறைந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே படியிறங்கினான். கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்த கலீலுல்லா அவனைத் தனியாக ஓரம் கட்டினார்.

"லூயிசு சார், தூண்டிலு போட சிலுவை போட்டுகினு மரியாயே சொல்றது கட்டாயமா? ஐயா பத்து நாளா பங்களா தோட்டத்துல தொடப்பக்கட்டையை வெச்சிகினு அப்படியே பண்றாரு. புருஷன் வேதத்துல சேந்துட்டாருன்னு அந்தம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்குது."